விடுபட்ட இலக்கங்களை மீளப் பெறலாமா?
தரவுத்தளத்தில் தன்னியக்க எண்ணிடலை மீளமைத்தல் பற்றிய ஒரு விளக்கம்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் தரவுத்தளம் என்னும் அலகைக் கற்கும் மாணவியர் பலர் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். அட்டவணையொன்றில் ஐந்து பதிவுகளை இட்டோம். நான்காவதையும் ஐந்தாவதையும் நீக்கினோம். பின்னர் புதிதாக ஒன்றை இட்டோம். அதற்கு 4 கிடைக்கும் என்று பார்த்தால் 6 கிடைத்திருக்கிறது. இடையிலிருந்த இரண்டு இலக்கங்களும் எங்கே போயின? மறுபடியும் 4 இலிருந்து தொடங்க வைப்பது எப்படி?

எப்படி என்ற கேள்விக்கு ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் அந்தக் கட்டளையை இடலாமா, கூடாதா என்பதை அறிவதற்கு முதன்மைச் சாவி என்றால் என்ன என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இக்கட்டுரை இரண்டையும் சொல்கிறது. கணினிப் பாடம் படிக்காத பெற்றாரும் இதனை விளங்கிக்கொள்ளலாம். ஏனெனில் வங்கியிலும் வைத்தியசாலையிலும் பாடசாலையிலும் நம் ஒவ்வொருவருக்கும் இத்தகைய இலக்கம் ஒன்று இருக்கிறது.

1. முதன்மைச் சாவி ஏன் தேவை?

தரவுகளை அட்டவணைகளாக ஒழுங்கமைத்து, அவற்றுக்கிடையே தொடர்பை ஏற்படுத்தும் முறையை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கார் எப். கொட் 1970 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார். நாம் இன்று படிக்கும் தொடர்புநிலைத் தரவுத்தளத்தின் அடிப்படை அதுவே. முதன்மைச் சாவி என்னும் கருத்தும் அக்கட்டுரையிலேயே இடம்பெறுகிறது. ஓர் அட்டவணையிலுள்ள ஒவ்வொரு பதிவையும் மற்றெல்லாப் பதிவுகளிலிருந்தும் வேறுபடுத்தி அடையாளம் காட்டும் புலமே முதன்மைச் சாவி. அது ஒருபோதும் வெற்றாக இருக்கக்கூடாது. இரண்டு பதிவுகளுக்கு ஒரே பெறுமானம் வரவும் கூடாது.

உதாரணமாக ஒரு பாடசாலை நூலகத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று அட்டவணைகள் போதும். உறுப்பினர் அட்டவணையில் மாணவியின் பெயர், தரம் முதலியன இருக்கும். நூல் அட்டவணையில் நூலின் விபரங்கள் இருக்கும். யார், எந்த நூலை, எப்போது எடுத்தார் என்பதை இரவல் அட்டவணை சொல்லும்.

மாணவியின் பெயரையே சாவியாக வைத்தால் என்ன? நம்மைப் போன்ற பாடசாலைகளில் இதற்கு விடை சொல்லத் தேவையில்லை. வகுப்பு இடாப்பைத் திறந்தால் பாதிப் பெயர்கள் எம்.எப். என்றுதான் தொடங்கும். பாத்திமா என்று கூப்பிட்டால் ஐந்தாறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைக்கலாம் என்றால், தரம் 6 மாணவியிடம் அந்த அட்டையே இருக்காது. தொலைபேசி இலக்கம் மாறிவிடும். அக்காவுக்கும் தங்கைக்கும் வீட்டில் ஒரே இலக்கமாகவும் இருக்கலாம்.

ஆகவே எந்தப் பொருளுமற்ற ஓர் எண்ணைக் கணினியே தரட்டும் என்று விட்டுவிடுகிறோம். முதல் பதிவுக்கு 1, அடுத்ததற்கு 2 என்று அது தானாகவே கொடுத்துக்கொண்டு போகும். இதுதான் தன்னியக்க எண்ணிடல். மைஎஸ்கியூஎல்லில் இதற்கு ஓட்டோ இன்கிரிமென்ட் என்று பெயர். மைக்ரோசொப்ட் அக்சஸில் ஓட்டோநம்பர் என்ற தரவு வகையாக இதனைச் சாதாரண தர வகுப்பிலேயே நாம் சந்திக்கின்றோம்.

இரவல் அட்டவணையில் மாணவியின் பெயரைத் திரும்ப எழுதுவதில்லை. அவருடைய உறுப்பினர் இலக்கத்தை மாத்திரம் எழுதுகிறோம். அங்கே அது அந்நியச் சாவி எனப்படும். இரவல் அட்டவணையில் 17 என்று இருந்தால், கணினி உறுப்பினர் அட்டவணைக்குச் சென்று 17 யார் என்று தேடிப் பெயரைக் கொண்டுவரும். இதனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் பின்னர் வரும் சிக்கல்கள் யாவும் இந்த ஒரு தொடர்பிலிருந்தே பிறக்கின்றன.

2. இடைவெளி எவ்வாறு உண்டாகிறது?

அடுத்த எண் எது என்பதை அறிய, கணினி அட்டவணையிலுள்ள பதிவுகளை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கென்று ஓர் எண்ணியை வைத்திருக்கிறது. வங்கியில் டோக்கன் தரும் இயந்திரத்தைப் போன்றது அது. பொத்தானை அழுத்தினால் 41 வரும். அடுத்தவர் அழுத்தினால் 42 வரும். 41 ஐப் பெற்றவர் காத்திருக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாலும் இயந்திரம் பின்னோக்கிச் செல்லாது. அடுத்து வருபவருக்கு 43 தான்.

இலக்கங்கள் விடுபடுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பதிவை நீக்குதல். டிலீட் கட்டளை பதிவை அழிக்கும், எண்ணியைத் தொடாது. எல்லாப் பதிவுகளையும் டிலீட் செய்து அட்டவணை முற்றிலும் காலியானாலும் எண்ணி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இரண்டாவது, தோல்வியடைந்த உள்ளீடு. ஒரு பதிவை இடும்போது வேறொரு புலத்தில் பிழை இருந்ததால் கணினி அதனை மறுத்திருக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் அப்பதிவுக்கென எண் ஏற்கனவே எடுக்கப்பட்டிருந்தால் அது திரும்ப வைக்கப்படுவதில்லை.

மூன்றாவது, இடைநடுவில் கைவிடப்பட்ட நடவடிக்கை. பல கட்டளைகளை ஒரே தொகுதியாக இட்டு, பின்னர் ரோல்பேக் கட்டளையால் அனைத்தையும் இரத்துச் செய்தால் பதிவுகள் மறையும். எடுத்த எண்கள் எடுத்தவைதான்.

இது மென்பொருளை உருவாக்கியவர்களின் கவனக்குறைவு அன்று. இரண்டு கணினிகளில் இருவர் ஒரே நேரத்தில் உறுப்பினர்களைப் பதிவதாக எண்ணிக்கொள்வோம். ஒருவருக்கு 41 உம் மற்றவருக்கு 42 உம் கிடைக்கிறது. முதலாமவர் தமது வேலையை இரத்துச் செய்கிறார். இடைவெளியே இருக்கக்கூடாது என்றால் முதலாமவர் வேலையை முடிக்கும்வரை இரண்டாமவரைக் காக்க வைக்க வேண்டும். நூறு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஒரு தொகுதியில் அப்படிச் செய்தால் எல்லோருடைய வேலையும் நின்றுவிடும். ஆகவே எண்கள் ஒன்றோடொன்று மோதக்கூடாது என்பதற்கு மாத்திரமே கணினி உத்தரவாதம் தருகிறது. இடைவெளியின்றித் தொடரும் என்று அது ஒருபோதும் வாக்களிப்பதில்லை.

3. அது ஒரு பெயர், எண்ணிக்கை அன்று

நமது பாடசாலைகளிலுள்ள சேர்வு இடாப்பை நினைத்துப் பாருங்கள். முதலாம் தரத்தில் சேரும் பிள்ளைக்கு ஒரு சேர்விலக்கம் வழங்கப்படுகிறது. அப்பிள்ளை இரண்டு வருடங்களில் வேறு பாடசாலைக்குப் போய்விட்டால் அவ்விலக்கத்தை அடுத்து வரும் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. ஏனெனில் விடுகைப் பத்திரத்தில் அவ்விலக்கம் எழுதப்பட்டிருக்கிறது. இருபது வருடங்கள் கழித்து ஒரு தாய் தமது கல்விச் சான்றை உறுதிப்படுத்திக்கொள்ள வந்தாலும் அந்த இலக்கத்தை வைத்தே இடாப்பைப் புரட்டுவார்கள். இடாப்பில் 4,000 என்ற இலக்கம் இருப்பதால் பாடசாலையில் இன்று 4,000 பேர் படிக்கிறார்கள் என்று எவரும் கொள்வதில்லை.

முதன்மைச் சாவியும் அப்படித்தான். அதன் வடிவம் எண்ணாக இருப்பதால் நாம் மயங்கிவிடுகிறோம். 1, 2, 3, 6 என்று இருந்தால் எதோ குறைவதுபோல் கண்ணுக்குப் படுகிறது. உண்மையில் அதன் வேலை எண்ணுவதன்று, பெயராக இருப்பது. பெயரில் இடைவெளி என்று ஒன்று இல்லை.

இதனை மறந்தால் என்ன நடக்கும்? நமது உதாரண நூலகத்துக்கே திரும்புவோம். வருட இறுதி வருகிறது. "பழைய உறுப்பினர்களை நீக்கிவிட்டுப் புதிய வருடத்தை 1 இலிருந்து அழகாகத் தொடங்குவோம்" என்று ஒருவர் முடிவெடுக்கிறார். உறுப்பினர் அட்டவணையைக் காலியாக்கி எண்ணியை 1 இற்கு மீளமைக்கிறார். இரவல் அட்டவணையை அவர் தொடவில்லை. அதிலே 17 ஆம் இலக்க உறுப்பினர் இரண்டு நூல்களை எடுத்துத் திருப்பித் தரவில்லை என்ற பதிவு இருக்கிறது. அந்த 17 பாடசாலையை விட்டு விலகிய ஓர் உயர்தர மாணவி.

ஜனவரியில் புதிய உறுப்பினர்கள் சேர்கின்றனர். பதினேழாவதாகப் பதியப்படுபவர் தரம் 6 இல் சேர்ந்த ஒரு பிள்ளை. நூல்களைத் திருப்பித் தராதோர் பட்டியலை அச்சிடும்போது கணினி 17 யார் என்று தேடுகிறது. இந்தப் பிள்ளையின் பெயரைப் பட்டியலில் போடுகிறது. பதினொரு வயதுப் பிள்ளை தான் எடுக்காத இரண்டு நூல்களுக்கு வகுப்பின் முன்னால் எழுந்து நிற்க வேண்டியதாகிறது. கணினி சொல்கிறதே என்று ஆசிரியை நம்புகிறார். வீட்டில் உம்மாவும் நம்பிப் பணத்தைக் கொடுத்தனுப்புகிறார். மறுபுறம், அந்த முன்னாள் மாணவி மனச்சாட்சியோடு நூல்களைத் திருப்பிக் கொடுக்க வந்தாலும் அவருடைய பெயரில் இரவலே இல்லை என்று கணினி சொல்லும். ஒருவருடைய கடன் சத்தமில்லாமல் இன்னொருவருடைய கணக்குக்கு மாறிவிட்டது. இத்தனைக்கும் எந்த இடத்திலும் ஒரு பிழைச்செய்தி கூடத் தோன்றவில்லை.

நூலகத்தில் இது இரண்டு நூல்களின் விலையோடு முடிந்துவிடும். இதே தவறு ஒரு வைத்தியசாலையின் நோயாளர் அட்டவணையில் நடந்தால், ஒருவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவருடைய பெயரில் வந்து நிற்கும்.

இரவல் அட்டவணையில் உறுப்பினர் இலக்கம் அந்நியச் சாவியாக முறைப்படி வரையறுக்கப்பட்டிருந்தால் இவ்விபத்து நிகழ்ந்திருக்காது. "இந்த உறுப்பினரைச் சுட்டும் இரவல் பதிவுகள் உள்ளன; நீக்க முடியாது" என்று தரவுத்தளம் மறுத்திருக்கும். பலர் அந்நியச் சாவியை வரிப்படத்தில் வரைந்துவிட்டு, அட்டவணையை உருவாக்கும்போது வரையறுக்காமல் விட்டுவிடுகின்றனர். பரீட்சையில் அதற்குச் சில புள்ளிகள் குறையும். உண்மையான தொகுதியில் அதற்குரிய விலையை வேறொருவர் செலுத்த நேரிடும்.

இதனைவிடவும் ஆபத்தானது, ஏற்கனவே உள்ள பதிவுகளுக்குப் புதிதாக எண் இடுதல். 1, 2, 4, 5 என்று நான்கு உறுப்பினர்கள் இருக்கும்போது இடைவெளியை மூடுவதற்காக இலக்க நிரலையே நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் 1, 2, 3, 4 என்று வந்துவிடும். பார்வைக்கு அழகுதான். ஆனால் முன்பு 4 ஆக இருந்தவர் இப்போது 3. முன்பு 5 ஆக இருந்தவர் இப்போது 4. இரவல் அட்டவணையோ பழைய 4 ஐயும் 5 ஐயுமே வைத்திருக்கிறது. 4 இன் நூல்கள் முன்னைய 5 இன் கணக்கில் சேரும். 5 இன் நூல்கள் யாருக்கும் சொந்தமற்றவையாகும்.

4. எப்போது மீளமைக்கலாம்?

அப்படியானால் எண்ணியை மீளமைக்கவே கூடாதா? கூடும். அதற்கு முன் ஒரேயொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த இலக்கங்களில் ஏதாவது ஒன்று அட்டவணைக்கு வெளியே போயிருக்கிறதா? வேறு அட்டவணையில் அந்நியச் சாவியாகவோ, அச்சிட்ட அங்கத்துவ அட்டையிலோ, பற்றுச்சீட்டிலோ, ஒருவருடைய ஞாபகத்திலோ அது இருந்தால் பின்னோக்கி மீளமைக்கக்கூடாது. எங்கும் போகவில்லை என்றால் தாராளமாக மீளமைக்கலாம்.

இதன்படி மீளமைத்தல் நியாயமாகும் சந்தர்ப்பங்கள் இரண்டு.

ஒன்று, பரீட்சார்த்தத் தரவுகளை அகற்றும்போது. ஒரு செயற்றிட்டத்தைச் செய்யும் காலத்தில் பொய்யான பெயர்களை இட்டுச் சோதித்துப் பார்ப்போம். வேலை முடிந்து உண்மையான பதிவுகளை இடுவதற்கு முன்னர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு 1 இலிருந்து தொடங்குவது சரியானதே. அந்த இலக்கங்கள் எவரையும் குறிக்கவில்லை.

மற்றது, எண்ணி பின்தங்கிவிட்டபோது. கடதாசி இடாப்பிலுள்ள 300 உறுப்பினர்களை அவர்களுடைய பழைய இலக்கங்களோடேயே தரவுத்தளத்துக்கு மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களை நாமே கொடுத்ததால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற மென்பொருளில் எண்ணி அசையாமல் 1 இலேயே நிற்கும். அடுத்துச் சேரும் புதிய உறுப்பினருக்கு அது 1 ஐக் கொடுக்க முயலும். அந்த இலக்கம் ஏற்கனவே இருப்பதால் பிழைச்செய்தி வரும். இங்கே எண்ணியை 301 இற்கு முன்னோக்கி நகர்த்துவது அவசியமாகும். மைஎஸ்கியூஎல்லில் இந்தச் சிக்கல் எழாது. நாம் பெரிய எண்ணொன்றை இட்டால் எண்ணியும் தானாக அதற்கு அப்பால் நகர்ந்துவிடும்.

5. செய்முறை

பின்வரும் கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லில் பரீட்சார்த்தத் தரவுகளை அகற்றி எண்ணியை மீளமைக்கும் ஒழுங்கு இதுவாகும்.

படி 1: தரவுத்தளத்தின் காப்பு நகலொன்றை எடுத்து வேறிடத்தில் வைக்கவும்.

படி 2: நீக்கப்போகும் அட்டவணையைச் சுட்டும் அட்டவணைகள் எவை என்று பார்க்கவும். நமது உதாரணத்தில் உறுப்பினரைச் சுட்டுவது இரவல்.

படி 3: முதலில் சுட்டும் அட்டவணையையும் பின்னர் சுட்டப்படும் அட்டவணையையும் காலியாக்கவும்.
டிலீட் ஃப்ரொம் இரவல்;
டிலீட் ஃப்ரொம் உறுப்பினர்;

படி 4: எண்ணியை மீளமைக்கவும்.
ஓல்ட்டர் டேபிள் உறுப்பினர் ஓட்டோ_இன்கிரிமென்ட் = 1;

படி 5: முதலாவது உண்மையான பதிவை இட்டு அதற்கு 1 கிடைத்திருக்கிறதா என்று பார்க்கவும். இரவல் அட்டவணையிலும் தன்னியக்க எண் இருந்தால் அதற்கும் படி 4 ஐச் செய்யவும்.

ட்ரன்கேட் என்ற கட்டளை, பதிவுகளை அழிப்பதையும் எண்ணியை மீளமைப்பதையும் ஒன்றாகச் செய்யும். ஆனால் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். வேறோர் அட்டவணை அந்நியச் சாவி மூலம் சுட்டும் அட்டவணையை மைஎஸ்கியூஎல்லில் ட்ரன்கேட் செய்ய முடியாது. சுட்டும் அட்டவணை காலியாக இருந்தாலும் மறுக்கப்படும். அடுத்தது, மைஎஸ்கியூஎல்லில் ட்ரன்கேட் செய்தபின் ரோல்பேக் செய்து பதிவுகளை மீட்க இயலாது. டிலீட் தரவு கையாளல் மொழியைச் சேர்ந்தது. ட்ரன்கேட் தரவு வரையறை மொழியைச் சேர்ந்தது என்று நாம் பாடமாக்கும் வேறுபாட்டின் நடைமுறை விளைவு இதுதான்.

அட்டவணையில் பதிவுகள் இருக்கும்போது 1 இற்கு மீளமைத்தால் என்னவாகும்? மைஎஸ்கியூஎல்லில் மிகப் பெரிய இலக்கம் 57 ஆக இருந்தால், 1 என்று கட்டளையிட்டாலும் அடுத்த பதிவுக்கு 58 தான் கிடைக்கும். கட்டளை பிழையின்றி நிறைவேறியதுபோல் தோன்றும்; ஆனால் எண்ணி 58 இற்குக் கீழே இறங்காது. பலர் "கட்டளை வேலை செய்யவில்லை" என்று குழம்புவது இவ்விடத்தில்தான்.

ஏனைய மென்பொருள்களில் முறை வேறுபடும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் எண்ணி, சீக்குவன்ஸ் என்ற தனிப் பொருளாக இருக்கிறது. ஓல்ட்டர் சீக்குவன்ஸ் கட்டளையோடு ரீஸ்டார்ட் வித் என்று சேர்த்து, வேண்டிய எண்ணைக் கொடுக்கலாம்.

மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேர்வரில் டிபிசிசி செக்ஐடென்ட் என்ற கட்டளை ரீசீட் என்ற சொல்லோடு பயன்படுகிறது. டிலீட் மூலம் காலியாக்கிய அட்டவணையில் 0 என்று கொடுத்தால் அடுத்த பதிவுக்கு 1 கிடைக்கும்.

எஸ்கியூலைட்டில் ஓட்டோஇன்கிரிமென்ட் என்ற சொல்லோடு உருவாக்கிய அட்டவணைகளின் எண்ணிகள் எஸ்கியூலைட்_சீக்குவன்ஸ் என்ற அட்டவணையில் சேமிக்கப்படுகின்றன. அதிலுள்ள பெறுமானத்தை அப்டேட் கட்டளையால் மாற்றலாம்.

மைக்ரோசொப்ட் அக்சஸில் அட்டவணையைக் காலியாக்கியபின் கோப்பைச் சுருக்கிச் சீராக்கும் வசதியை இயக்கினால் ஓட்டோநம்பர் மீண்டும் 1 இலிருந்து தொடங்கும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் எஸ்கியூஎல் சேர்வரும் மைஎஸ்கியூஎல்லைப்போல் நம்மைத் தடுப்பதில்லை. பதிவுகள் இருக்கும்போதே 1 இற்குக் கொண்டுபோனால் அவை கீழ்ப்படியும். அதன் பின்னர் இடும் பதிவுகள் பழைய இலக்கங்களோடு மோதிப் பிழைச்செய்தி தரும்.

6. எவரும் கட்டளையிடாமலே திரும்பி வரும் இலக்கம்

மைஎஸ்கியூஎல்லின் 5.7 மற்றும் அதற்கு முந்திய பதிப்புகளில், பொதுவாகப் பயன்படும் இன்னோடிபி வகை அட்டவணைகளின் எண்ணி கணினியின் நினைவகத்தில் மாத்திரம் வைக்கப்பட்டிருந்தது. சேவையகத்தை நிறுத்தி மறுபடி தொடக்கினால், அட்டவணையிலுள்ள மிகப் பெரிய இலக்கத்தைப் பார்த்து அதனோடு 1 ஐக் கூட்டி அது எண்ணியை அமைத்துக்கொள்ளும். 50 ஆம் இலக்கம் கடைசிப் பதிவாக இருந்து, அதனை நாம் நீக்கிவிட்டு, அன்றிரவு மின்சாரம் தடைப்பட்டால் மறுநாள் சேரும் புதியவருக்கு 50 மறுபடியும் கிடைத்துவிடும். 2018 இல் வெளியான 8.0 பதிப்பில் எண்ணி வன்தட்டிலும் பதியப்படுவதால் இக்குறை நீங்கியது. எஸ்கியூலைட்டிலும் ஓட்டோஇன்கிரிமென்ட் என்ற சொல்லைச் சேர்க்காமல் நிறைவெண் முதன்மைச் சாவியை மாத்திரம் வரையறுத்தால், நீக்கப்பட்ட கடைசி இலக்கம் மீண்டும் வழங்கப்படும்.

ஆகையால் மென்பொருளின் போக்கை மாத்திரம் நம்பியிராமல் அட்டவணையை வடிவமைக்கும்போதே பாதுகாப்பைச் செய்துகொள்வது நல்லது. அதற்கு எளிய வழி, ஆட்களின் பதிவுகளை நீக்காமலே விடுவது. உறுப்பினர் அட்டவணையில் நிலை என்று ஒரு புலத்தைச் சேர்த்து, "நடப்பு" அல்லது "விலகியவர்" என்று குறிக்கலாம். விலகியவர்கள் அன்றாடப் பட்டியலில் தோன்றமாட்டார்கள். அவர்களுடைய இலக்கமோ அவர்களுடையதாகவே இருக்கும்.

7. இடைவெளி கண்ணை உறுத்தினால்

அதிபரிடம் கொடுக்கும் பட்டியலில் 1, 2, 3 என்று ஒழுங்காக வரவேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்புத்தான். அதற்காக முதன்மைச் சாவியை மாற்ற வேண்டியதில்லை. பட்டியலை எடுக்கும் வினவலிலேயே ரோ_நம்பர் என்ற சார்பைப் பயன்படுத்தித் தொடரிலக்கத்தை உருவாக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் இது 8.0 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. எத்தனை உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்று அறிய கவுண்ட் என்ற சார்பு இருக்கிறது. தொடரிலக்கம் அந்தப் பட்டியலோடு பிறந்து அதனோடு மறையும். முதன்மைச் சாவி அப்பதிவுக்கே உரியதாக நிலைத்திருக்கும்.

இடைவெளிகளால் இலக்கங்கள் வீணாகித் தீர்ந்துவிடாதா என்று சிலர் அஞ்சுவர். இன்ட் என்ற நிறைவெண் வகையின் மிகப் பெரிய பெறுமானம் 2,147,483,647. ஒரு நாளைக்கு 1,000 இலக்கங்களைச் செலவழித்தாலும் அது தீர 5,800 வருடங்களுக்கு மேல் செல்லும். பாடசாலை நூலகத்துக்கு அது போதும்!

ஆயினும் சிறிய தரவு வகையைத் தெரிவுசெய்தால் எல்லை விரைவில் வந்துவிடும். டைனிஇன்ட் வகையின் உச்சம் 127 மாத்திரமே. முதன்மைச் சாவிக்குப் பெரிய வகையைக் கொடுத்துவிட்டு அதனைச் சுட்டும் நிரலுக்குச் சிறியதைக் கொடுப்பதும் இடறும். ஸ்லாஷ்டொட் என்னும் அமெரிக்கச் செய்தித்தளத்தில் 2006 நவம்பரில் இதுவே நடந்தது. வாசகர் கருத்துகளின் எண்ணிக்கை 16,777,216 ஐத் தாண்டியபோது, எந்தக் கருத்துக்கான பதில் இது என்று சுட்டும் நிரல் மீடியம்இன்ட் என்ற சிறிய வகையாக இருந்ததால் புதிய கருத்துகளை இட முடியாமற் போனது. அந்நியச் சாவியும் அது சுட்டும் முதன்மைச் சாவியும் ஒரே தரவு வகையாக இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

8. எழுதி வைத்தலும் அமானிதமும்

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் ஸூரதுல் பகராவின் 282 ஆவது வசனமாகும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படியும், எழுதுபவர் நீதியோடு எழுதும்படியும் அது பணிக்கிறது. அன்று ஓர் எழுத்தர் தோலிலோ ஓலையிலோ எழுதிய பணியை இன்று தரவுத்தளத்தை வடிவமைப்பவர் செய்கிறார். யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது பிற்காலத்திலும் மாறாமல் தெரியவேண்டும் என்பதே எழுதி வைப்பதன் நோக்கம். உறுப்பினர் இலக்கம் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டபின் அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகிறது. பட்டியலின் அழகுக்காக அதனை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும் உரிமை நமக்கில்லை.

சகோதரிகளே, அடுத்த முறை உங்கள் அட்டவணையில் 3 இற்குப் பின் 6 வந்தால் கவலைப்படாதீர்கள். 4 உம் 5 உம் யாரையேனும் குறித்தனவா என்று மாத்திரம் பாருங்கள். குறித்திருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஓர் அட்டவணையில் 1 முதல் 10 வரை பதிவுகள் உள்ளன. 8, 9, 10 ஆகியவற்றை டிலீட் செய்தபின் மைஎஸ்கியூஎல்லில் ஓட்டோ_இன்கிரிமென்ட் = 1 என்று கட்டளையிட்டால் அடுத்த பதிவுக்குக் கிடைக்கும் இலக்கம் யாது?

2. உறுப்பினர் அட்டவணையை இரவல் அட்டவணை அந்நியச் சாவியால் சுட்டுகிறது. இரவல் காலியாக உள்ளது. மைஎஸ்கியூஎல்லில் உறுப்பினர் அட்டவணையை ட்ரன்கேட் செய்யலாமா?

3. மிகப் பெரிய உறுப்பினர் இலக்கம் 250. ஆகவே நூலகத்தில் 250 உறுப்பினர்கள் உள்ளனர். இக்கூற்றுச் சரியா?

விடைகள்

1. 8. எஞ்சியுள்ள மிகப் பெரிய இலக்கம் 7 ஆகையால் எண்ணி 8 இற்கு வரும். 8, 9, 10 ஆகிய இலக்கங்கள் வேறெங்கும் சுட்டப்படவில்லை என்றால் மாத்திரமே இக்கட்டளையை இடலாம்.

2. இயலாது. டிலீட் செய்து, பின்னர் ஓல்ட்டர் டேபிள் கட்டளையால் எண்ணியை மீளமைக்க வேண்டும்.

3. இக்கூற்றை உறுதியாகச் சொல்ல முடியாது. இலக்கம் பெயராகும், எண்ணிக்கையைக் கவுண்ட் சார்பால் பெற வேண்டும்.